தாழியில் இல்லாத ஊர்: கீற்ஸின் கிரேக்கமும் அழகு பற்றிய கேள்வியும்

நான் வாசித்தவரையில், ஜோன் கீற்ஸ் கிரேக்கத் தாழி ஒன்றைப் பற்றி எழுதிய கவிதையைத் தமிழில் எடுத்துப் பேசுகிறவர்கள், அதன் முடிவில் வரும் அழகு, உண்மை என்ற இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நானும் ஓர் ஆங்கில ஆசிரியனாக முப்பது வருடங்களுக்கு மேல் அப்படித்தான் நின்றேன். உயர்தர மாணவர்களுக்கு அந்த முடிவைக் கரும்பலகையில் எழுதிக் கீழே கோடிட்டு, இதுதான் கீற்ஸின் அழகியல் என்று சொல்லிவிட்டு அடுத்த கவிதைக்குப் போய்விடுவேன்.

சென்ற வருடம் முள்ளியவளையில் நண்பர் ஒருவர் தன் வீட்டு விறாந்தையில் நாலைந்து மாணவர்களைக் கூட்டி, இந்தக் கவிதையைப் படிப்பித்துவிடும்படி என்னை அழைத்திருந்தார். அவரும் ஆங்கிலம் படிப்பிப்பவர், தமிழர். 2009இல் குடும்பத்தோடு முள்ளிவாய்க்கால் வரை போய், பின்னர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்து ஊர் திரும்பியவர். நான் 1990 ஒக்டோபரில் நீராவிப்பிட்டியிலிருந்து வெளியேறி, புத்தளத்தில் இருபது வருடங்களுக்கு மேல் வாழ்ந்துவிட்டுத் திரும்பியவன். மாணவர்கள் போனபின் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்:

"நானா, நாலாவது பாட்டில ஒரு சின்ன ஊர் வருகுதே. சனமெல்லாம் பலி குடுக்கப் போனதால வெறிச்சுப்போய்க் கிடக்கிற ஊர். அது அந்தத் தாழியில எந்தப் பக்கம் இருக்கு?"

"தாழியில இல்லை மாஸ்டர். ஊர்வலம் போற ஆக்கள்தான் தாழியில இருக்கினம். ஊர் கீற்ஸ் தானா நினைச்சுப் பார்த்தது."

"இல்லாத ஊரை அவர் ஏன் நினைச்சவர்?"

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து கீற்ஸை முதலிலிருந்து திரும்ப வாசித்தேன். அந்த வாசிப்பில் எனக்குத் தட்டுப்பட்டவற்றையே இங்கு எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: கிரேக்கத் தொன்மங்கள் கீற்ஸுக்கு அழகைக் கற்பித்தன என்பது பாதி உண்மை. அழகின் மீது கேள்வி எழுப்பவும் அவர் அதே தொன்மங்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டார்.

*

கீற்ஸ் கிரேக்கத்துக்குப் போனவரல்லர். கிரேக்க மொழி அறிந்தவருமல்லர். 1795இல் இலண்டனில், வாடகைக் குதிரை லாயம் ஒன்றை நடத்தியவரின் மகனாகப் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையையும் பின் தாயையும் இழந்தார். சத்திர வைத்தியர் ஒருவரிடம் தொழில் பழகி, 1816இல் மருந்தாளராகத் தொழில்புரிய அனுமதி பெற்றார். கிரேக்க இலக்கியம் அக்காலத்தில் பல்கலைக்கழகம் சென்ற கனவான்களின் சொத்தாக இருந்தது. கீற்ஸுக்கு அது பின்வாசலால்தான் வந்து சேர்ந்தது. பாடசாலை நாட்களில் லெம்பிரியரின் தொன்ம அகராதியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். ஹோமரை அவர் கண்டடைந்தது சப்மன் என்பவர் இருநூறு வருடங்களுக்கு முன்பு செய்திருந்த ஆங்கில மொழிபெயர்ப்பில். 1818இல் 'பிளக்வுட்ஸ்' சஞ்சிகை அவரைத் தாக்கி எழுதியபோது, மூல மொழி தெரியாதவன் கிரேக்கக் கடவுளரைப் பாட வந்துவிட்டான் என்ற ஏளனமும் அதில் இருந்தது.

1817 மார்ச்சில் ஹெய்டன் என்ற ஓவிய நண்பர் அவரைப் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று எல்ஜின் சிற்பங்களைக் காட்டினார். இந்தச் சிற்பங்களின் கதையை நாம் சற்று நின்று பார்க்கவேண்டும். ஏதென்ஸின் பார்த்தினன், கிரேக்கரின் கோயிலாக இருந்து, தேவாலயமாகி, உதுமானியர் காலத்தில் பள்ளிவாசலாகவும் இருந்தது. 1687இல் வெனிஸ் படைகள் முற்றுகையிட்டபோது உள்ளே வெடிமருந்து குவிக்கப்பட்டிருந்தது. எறிகணை விழுந்து கட்டடம் சிதறியது. எஞ்சியவற்றில் கணிசமானதை 1801 தொடக்கம் எல்ஜின் பிரபுவின் ஆட்கள் கழற்றி இலண்டனுக்கு அனுப்பினர். 1816இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அவற்றை 35,000 பவுணுக்கு வாங்கியது. ஆக, கீற்ஸ் கண்ட கிரேக்கம் தலையும் கையும் உடைந்த, சொந்த இடத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட கிரேக்கம். அந்தச் சிற்பங்களைக் கண்டபின் எழுதிய சொனெற் ஒன்றில் அவர் தன் மரணத்தைப் பற்றியே முதலில் பேசுகிறார். பேரழகு அவருக்குள் உண்டாக்கியது தலைசுற்றலையும் நோவையும். காலம் தின்ற மிச்சத்தின் முன்னால் நிற்கிறோம் என்பதை அந்த இருபத்தொரு வயதுப் பையன் அறிந்திருந்தான்.

*

ஒரு முஸ்லிம் வாசகர் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். கிரேக்கரின் பல தெய்வக் கதைகள் எமக்கு எதற்கு? இது பழைய கேள்விதான். அப்பாசியர் காலத்தில் பக்தாதில் கிரேக்க மருத்துவமும் கணிதமும் தத்துவமும் பெருமளவில் அறபுக்கு வந்தன. ஹோமரும் நாடகாசிரியர்களும் அந்த அளவில் வரவில்லை. அரிஸ்ரோட்டலின் கவிதையியலுக்கு உரை எழுதிய இப்னு ருஷ்து, நாடகம் என்ற ஒன்றைக் கண்டிராதபடியால், துன்பியலைப் புகழ்ப்பாட்டு என்றும் இன்பியலை வசைப்பாட்டு என்றும் விளங்கிக்கொண்டார். இலியட் முழுமையாக அறபுச் செய்யுளில் வர 1904இல் சுலைமான் அல்-புஸ்தானியின் மொழிபெயர்ப்பு வரை காத்திருக்கவேண்டியிருந்தது. எங்கள் முன்னோர் கிரேக்கரின் தர்க்கத்தை எடுத்துக் கதையை விட்டார்கள். கீற்ஸ் கதையை எடுத்தார். மொழியும் தர்க்கமும் அவருக்குக் கிட்டவில்லை.

ஆனால் எங்கள் தமிழ் மரபில் கீற்ஸுக்கு நிகரான ஒருவர் இருக்கிறார். உமறுப்புலவரைத்தான் சொல்கிறேன். சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தில் அறபு நாடு மழை பெய்து ஆறு பெருகி வயல் விளையும் மருத நிலமாக வருகிறது. புலவர் தமிழ்க் காப்பிய மரபைக் கொண்டே, காணாத நாட்டைப் பாடினார். இதைப் பூகோளப் பிழை என்று சிரிப்பவர்கள் உண்டு. அது பிழையன்று. தான் நேசித்த புனித நிலத்துக்கு, தன் மொழியில் இருந்த அதியுயர்ந்த அழகை அவர் உடுத்திவிட்டார். கீற்ஸ் செய்ததும் ஏறத்தாழ இதுவே. தான் காணாத கிரேக்கத்துக்கு இங்கிலாந்தின் புல்வெளியையும் பற்றைக்காட்டையும் உடுத்தினார். இரவல் தொன்மம் என்பது இருவரிடத்திலும் குறையாகவில்லை. தூரத்திலிருந்து நேசிப்பவனுக்கு உள்ள உரிமையை இருவரும் எடுத்துக்கொண்டார்கள். அந்த உரிமையை வைத்துக்கொண்டு ஒரு கவிஞன் என்ன செய்கிறான் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

*

1818இல் வெளியான 'எண்டிமியன்' நாலாயிரம் அடிகளுக்கு மேற்பட்ட நீண்ட கவிதை. சந்திரத் தெய்வத்தின் காதலுக்குரியவனான இடையன் ஒருவனின் கதை. அதில் அழகு ஒரு நிழல்மரம் போல வருகிறது. உலகத்தின் துயரத்திலிருந்து வந்து ஆறி இருப்பதற்கான இடம். எனக்கு இருபது வயதில் அது மிகவும் பிடித்திருந்தது. பிற்பாடு, புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருந்து வாசித்தபோது, அதன் இனிப்பு திகட்டியது.

அதே வருடத்தின் பிற்பகுதியில் கீற்ஸின் தம்பி ரொம் காசநோயால் படுத்த படுக்கையானார். கீற்ஸ் அருகிலிருந்து பராமரித்தார். டிசம்பர் 1ஆம் திகதி தம்பி இறந்தார். அந்த நோய்ப்படுக்கையின் அருகில் அவர் எழுதத் தொடங்கியதுதான் 'ஹைப்பீரியன்'. தைத்தான்கள் என்ற பழைய தெய்வக் குலம் ஒலிம்பியத் தெய்வங்களிடம் ஆட்சியை இழந்த கதை. கவிதை தொடங்கும்போது, சற்றேனும் காற்றில்லாத ஒரு பள்ளத்தாக்கில், அரசிழந்த கிழவனாகச் சனித்தெய்வம் குந்தியிருக்கிறது. தான் யார் என்பதே அதற்கு மறந்துவிட்டது. முகாமில் பங்கீட்டு அட்டைக்காகக் காத்திருந்த, ஒருகாலத்தில் கடையும் வயலும் வைத்திருந்த வாப்பாமாரின் முகங்களை நான் அந்தப் பகுதியில்தான் கண்டேன்.

தோற்ற தெய்வங்கள் ஓர் இருண்ட குகையில் கூடி இனி என்ன செய்வது என்று ஆலோசிக்கின்றன. அங்கே கடல்தெய்வமான ஓஷியானஸ் எழுந்து ஒரு பேச்சுப் பேசுகிறது. அதன் சாரம்: எங்களை வென்றவர்கள் எங்களைவிட அழகானவர்கள். அழகில் முந்தியவரே வலிமையிலும் முந்துவது இயற்கையின் நியதி. ஆகவே இதை ஏற்றுக்கொண்டு அமைதியடையுங்கள்.

பாடநூல்கள் இந்தப் பேச்சைக் கீற்ஸின் தத்துவமாகவே சொல்லும். நானும் அப்படிப் படிப்பித்திருக்கிறேன். இன்று அதை வாசிக்க எனக்குப் பயமாக இருக்கிறது. வென்றவன் வென்றதே அவன் அழகுக்குச் சான்று என்றால், தோற்றவனின் அழுகைக்கு எந்த இடமும் இல்லை. இந்தத் தத்துவத்துக்குச் சிலை வைத்தால் எப்படி இருக்கும் என்பதைக் கிளிநொச்சி நகரில் காணலாம். கொங்கிறீற் கட்டி ஒன்றை ஓர் எறிகணை துளைத்திருக்கும். கட்டி வெடித்திருக்கும். உச்சியில் ஒரு தாமரை மலர்ந்திருக்கும். போர் வெற்றிக்காக எழுப்பப்பட்ட அந்தச் சின்னத்தில் எறிகணையும் அழகு, வெடிப்பும் அழகு. அதே நகரில் யுத்தத்தின்போது வீழ்த்தப்பட்ட தண்ணீர்த் தாங்கி, சமாதானம் வந்ததாகச் சொல்லப்பட்ட வருடங்களில், தெற்கிலிருந்து வந்தோர் அருகே நின்று படம்பிடிக்கும் காட்சிப்பொருளாகக் கிடந்தது. நியாயமாகச் சொல்வதானால், மறுபக்கத்திலும் இது நடந்திருக்கிறது. யுத்தகாலத்து வன்னியில் மாவீரர் துயிலுமில்லங்கள் வரிசை பிசகாத கல்லறைகளோடும் சுடர்களோடும் பாடல்களோடும் மிகுந்த அழகுணர்ச்சியுடன் அமைக்கப்பட்டிருந்தன. பிள்ளையை இழந்த தாய்க்கு அங்கே ஓர் இடம் இருந்தது. அதை இடித்தது கொடுமை. ஆனால் அந்த அழகின் ஒழுங்குக்குள் கேட்கமுடியாத கேள்விகளும் இருந்தன. எங்களைப் பற்றிய கேள்வி அவற்றில் ஒன்று.

கீற்ஸ் ஹைப்பீரியனை முடிக்கவில்லை. 1819 ஏப்ரலளவில் நிறுத்திவிட்டார். மீண்டும் வேறு வடிவில் தொடங்கி, அதையும் செப்டெம்பரில் கைவிட்டபோது, மில்டனின் நடை தன்னை ஆட்கொண்டுவிட்டது என்று ஒரு காரணம் சொன்னார். அது உண்மையாக இருக்கலாம். ஆயினும், தம்பியின் மரணத்தைக் கண்டவரால் ஓஷியானஸின் ஆறுதலோடு தொடர்ந்து போகமுடியவில்லை என்றே நான் எண்ணுகிறேன்.

*

ஹைப்பீரியன் நின்ற அந்த வசந்தத்தில்தான் அவருடைய புகழ்பெற்ற பாக்கள் பிறக்கின்றன. முதலில் சைக்கி. ஒலிம்பியக் கூட்டத்துக்கு மிகப் பிந்தி வந்த தெய்வம் அவள். கோயில் இல்லை, பலிபீடம் இல்லை, பாடகர் இல்லை. அவளுக்குத் தன் மனதுக்குள்ளேயே ஒரு கோயில் கட்டித்தருவதாகக் கீற்ஸ் சொல்கிறார். ஊரை மனதில் கட்டிவைத்திருந்த எங்கள் தலைமுறைக்கு இதை விளக்கவேண்டியதில்லை. புத்தளத்தில் பிறந்த என் பிள்ளைகள் நீராவிப்பிட்டியின் கிணற்றடியையும் பள்ளிவாசல் முற்றத்தையும் என் உம்மாவின் வாயிலிருந்தே பார்த்தார்கள்.

அடுத்து, எமது கவிதை. கீற்ஸ் பாடிய தாழி என்று ஒன்று எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. சோசிபியோஸ் என்ற சிற்பியின் பளிங்குச் சாடி ஒன்றை அவர் பிரதிசெய்து வரைந்த படம் உண்டு. பலிக்குக் கொண்டுபோகப்படும் பசுவைப் பார்த்தினன் சிற்பவரிசையிலிருந்து எடுத்திருக்கலாம் என்பர். பலவற்றைச் சேர்த்து அவரே வனைந்த தாழி அது.

கவிதையின் நடுப்பகுதியில், தாழியில் செதுக்கப்பட்ட காதலரைக் கண்டு கவிஞர் மகிழ்கிறார். அவர்கள் ஒருபோதும் முத்தமிடப்போவதில்லை. ஆனால் அவள் மூப்படையவும் போவதில்லை. மரம் இலையுதிர்க்காது. குழலூதுபவன் களைக்கமாட்டான். உறைந்துபோவது இங்கே ஒரு வரம். பிறகு தாழியைச் சுற்றிவந்து மறுபக்கத்தைப் பார்க்கிறார். பூசகர் ஒருவர் மாலையிட்ட பசுவை நடத்திச் செல்ல, சனங்கள் பின்னே போகிறார்கள். அதே உறைதல் இவர்களுக்கும் உண்டு. அவர்கள் பலிபீடத்தை அடையமாட்டார்கள். திரும்பிவரவும் மாட்டார்கள். அப்படியானால் அவர்கள் விட்டுவந்த ஊர்? அது ஆற்றோரமா, கடலோரமா, மலைமேல் கோட்டையோடு உள்ளதா என்பதுகூடக் கவிஞருக்குத் தெரியாது. தெருக்கள் என்றைக்கும் ஓசையற்றுக் கிடக்கும். ஏன் இப்படியானது என்று சொல்லத் திரும்பிவர ஓர் ஆள் இல்லை.

காதலருக்கு வரமாக இருந்த உறைதல், ஊருக்குச் சாபமாகிவிட்டது. தாழியின் நிலையான அழகுக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுத்தது தாழியில் இடம்பெறாத ஊர். நாலாவது பாட்டில் கீற்ஸ் கண்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். எண்டிமியனை எழுதியவர் இந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருக்கமாட்டார்.

எனக்கு அந்த ஊர்வலம் அந்நியமானதல்ல. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல் எங்கள் பக்கத்தில் பெரிய நாள். சிலாவத்தைக் கடலில் எடுத்த உப்புநீரில் விளக்கெரிப்பதும், அது முள்ளியவளைக் காட்டுவிநாயகர் கோயிலில் எரிந்து பின் வற்றாப்பளை போவதும், வன்னி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடுவது. அது எமது மார்க்கமல்ல. ஆனால் எமது ஊரின் காலக்கணக்கு அதில் இருந்தது. வாப்பா பொங்கலுக்குக் கடலைக்கடை போடுவார். அந்த இரவு தமிழ் வீடுகளில் ஆளிருக்காது, தெருக்கள் வெறிச்சோடியிருக்கும். நாய் குரைப்பதுகூடத் தூரத்தில் கேட்கும். விடிந்ததும் வண்டில்களும் சைக்கிள்களும் திரும்பத் தொடங்கும். அது பயமில்லாத வெறுமை. கீற்ஸின் ஊரும் முதலில் அப்படித்தான் காலியாகிறது, பக்தி நிறைந்த ஒரு காலையில். பின்புதான் அது நிரந்தரமாகிறது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, முல்லைத்தீவு, தண்ணீரூற்று, நீராவிப்பிட்டித் தெருக்கள் காலியாகின. 2008 பிற்பகுதியிலிருந்து 2009 மே வரை வன்னியின் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாகின. கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று சனம் கிழக்கே தள்ளப்பட்டுக்கொண்டே போனது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மறைக்கக்கூடாது. 2009இல் போனவர்களில் பெருந்தொகையானோர் உயிரோடு திரும்பவில்லை. 1990இல் போன நாங்கள் உயிரோடு போனோம். ஆனால் 1990இல், கீற்ஸின் ஊரில் இல்லாத ஒன்று எங்கள் ஊரில் இருந்தது. பக்கத்துத் தெருவில் ஆட்கள் இருந்தார்கள். ஏன் இப்படியானது என்று சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள்.

*

இவ்விடத்தில் எமது இலக்கியத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவேண்டும். முதலில் எங்கள் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். வெளியேற்றத்துக்குப் பின் நாம் எழுதிய கவிதைகளில் பெரும்பாலானவை எண்டிமியன் வகை. இழந்த ஊர் அவற்றில் ஒரு சுவனமாக வருகிறது. அங்கே எப்போதும் மாமரம் காய்த்திருக்கும், பாங்கோசை இனிமையாக ஒலிக்கும், தமிழ் அயலவர் நோன்புக் கஞ்சிக்கு வாசலில் வந்து நிற்பார். எல்லாம் பொய்யல்ல, ஆனால் தாழியில் செதுக்கிவிட்டோம். எங்கள் வெளியேற்றத்துக்கு ஹிஜ்ரத் என்று பெயரிட்டோம். சீறாப்புராணத்தின் மூன்றாவது காண்டத்துக்கும் அதுவே பெயர். அந்தச் சொல் எங்களைத் தாங்கியது. அதற்கு நான் நன்றியுடையவன். எனினும் அந்தச் சொல்லின் ஒளியில், சில கணக்குகளைப் பார்க்காமல் விட்டோம். எங்களுக்கு இடம் தந்து நெருக்கடிப்பட்ட புத்தளத்துக்காரரின் கதை, அவர்களோடு நாங்கள் பட்ட உரசல், முகாமில் எங்கள் பெண்பிள்ளைகளின் படிப்பு நின்ற கதை, இவை எமது கவிதைக்குள் அதிகம் வரவில்லை. அவை அழகாக இல்லாதபடியால்தான் வரவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

தமிழ்ப் போர்க்கவிதையிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. விதை, வேர், நெருப்பு, பூ என்று ஓர் அழகிய சொற்களஞ்சியம் உருவானது. எம்.ஏ. நுஃமான் மொழிபெயர்த்த பலஸ்தீனக் கவிதைகளை இரு தரப்புக் கவிஞர்களும் வாசித்தார்கள். இழந்த நிலத்தைப் பாடும் மொழியை அவற்றிலிருந்து கற்றார்கள். ஆனால் தன் பக்கத்துத் தெரு காலியான நாளைப் பாடியவர்கள் சிலரே. அந்தச் சிலரை நான் மறக்கவில்லை. மற்றவர்களுக்குப் பயம் இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் பயம் நீங்கிப் பல வருடங்களான பின்னரும் அந்த இடம் பெரும்பாலும் வெற்றிடமாகவே இருக்கிறது.

கண்ணகி கதையை நினைத்துப் பாருங்கள். கோவலன் கூத்து முல்லைத்தீவு மண்ணின் கூத்து. சிறுவயதில் வேலியோரம் நின்று பார்த்திருக்கிறேன். அந்தக் கதையிலும் ஓர் அழகிய கைவினைப் பொருள் நடுவில் இருக்கிறது. சிலம்பு முழுதாக இருந்தவரை அரசியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் பார்வைக்கு ஒன்றுதான். உடைத்தபோதுதான் ஒன்றில் முத்தும் மற்றதில் மாணிக்கமும் என்று தெரிந்தது. அழகு உடைந்த இடத்தில் உண்மை வெளிவந்தது. கீற்ஸின் தாழி உடையாத தாழி. ஆனால் நாலாவது பாட்டில் அவர் அதில் ஒரு கீறல் போடுகிறார். அந்தக் கீறலுக்கூடாகத்தான் தாழியில் இல்லாத ஊர் தெரிகிறது.

ஆகவே முடிவில் வரும் அழகு, உண்மை என்ற சொற்களை நான் இப்போது வேறுவிதமாக வாசிக்கிறேன். அவற்றைச் சொல்வது தாழியா, கவிஞரா என்ற வாதம் நீண்ட காலமாக உள்ளது. முதலில் சஞ்சிகையில் வந்தபோதும் 1820இல் நூலில் வந்தபோதும் மேற்கோள் குறிகள் ஒரேமாதிரி இல்லாததும் அதற்கு ஒரு காரணம். தாழி சொல்கிறது என்றே நான் கொள்கிறேன். தாழி அப்படித்தான் சொல்லும். அழகே போதும் என்பது அதன் சுபாவம். ஆனால் அதைச் சொல்லவிடுவதற்குச் சற்று முன்னால், போதாது என்பதற்கான சாட்சியைக் கவிஞர் வைத்துவிட்டார்.

இதற்குப் பிறகு அவர் மீண்டும் ஹைப்பீரியனிடம் போனார். 'ஹைப்பீரியனின் வீழ்ச்சி' என்ற அந்த இரண்டாவது முயற்சி அவர் இறந்து 35 வருடங்களின் பின், 1856இல்தான் அச்சேறியது. அதில் மொனெட்டா என்ற தெய்வம், அழிந்துபோன கோயிலின் படியில் கவிஞனை நிறுத்தி விசாரிக்கிறது. உலகத்தின் துயரம் எவருக்குத் தன் துயரமாகித் தூங்கவிடாமல் செய்கிறதோ, அவருக்கே மேலே ஏற அனுமதி உண்டு என்கிறது. பிறகு தன் முகத்திரையை விலக்கிக் காட்டுகிறது. வெளிறிய, முடிவில்லாமல் துன்புறும், ஆனால் கருணை நிறைந்த முகம். ஓஷியானஸ் சொன்ன அழகுக்கு நேரெதிரான அழகு இது. இரண்டையும் கீற்ஸ் ஒரே கிரேக்கக் கதைக்குள்தான் கண்டார், ஒரு வருட இடைவெளியில். 1821 பெப்ரவரி 23இல், 25 வயதில், தம்பியைக் கொன்ற அதே நோயால் ரோமில் இறந்தார். கிரேக்கத்தைக் கடைசிவரை காணவில்லை.

*

இந்தக் கட்டுரையை நண்பருக்கு வாசித்துக் காட்டினேன். இல்லாத ஊரைக் கீற்ஸ் ஏன் நினைத்தார் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான் என்றேன். ஊர்வலத்தைப் பார்த்தவர், இந்தச் சனம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அதைக் கேட்ட பின்பு தாழியை முன்போல ரசிக்க அவரால் முடியவில்லை.

நண்பர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

"நீங்கள் வெளிக்கிட்ட அடுத்தநாள் உங்கட தெருவால நான் சைக்கிள்ல போனனான் நானா. அப்ப எனக்குப் பதினேழு வயசு. இவ்வளவு காலமும் நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

அன்று பின்னேரம் முழுவதும், தான் கண்டதை அவர் சொன்னார். நான் இடைமறிக்காமல் கேட்டேன். மஃரிபுக்கு நேரமாகிவிட்டபடியால் பாதியில் எழும்பவேண்டியதாயிற்று. மிச்சத்தைக் கேட்க அடுத்த கிழமை திரும்பவும் போனேன். அவர் சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது அவர் எழுதவேண்டியது. எழுதும்படி கேட்டிருக்கிறேன், ஒரு கொப்பியும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.